பேசி முடிக்காமல் கை நனைப்பதில்லை

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் வலைக்கடை வைத்திருக்கிற கிளாடிஸுக்கு ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். நைலான் நூல் சரியில்லை என்றால் கம்பெனி ஆளை நிற்க வைத்துச் சொல்வாள். பிரசங்கம் நீண்டுவிட்டால் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடமே போய்ச் சொல்வாள். அப்படிப்பட்டவளை அயர்லாந்து என்கிற தேசத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மனசில் கிடப்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் பேசுகிற ஜனங்களுக்கு நடுவே உட்கார வைத்தால் என்ன ஆகும்? வந்த இரண்டாம் நாளே அவளுக்கு மண்டை காய்ந்துவிட்டது.

எல்லாம் மகள் டயானாவால் வந்த வினை. ஒரே பிள்ளை. நர்சிங் படித்து, அங்கே ஓர் ஆற்றங்கரையில் இருக்கிற சின்னச் சந்தை ஊரில், முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். ஒருநாள் போனில், இந்த ஊர்க்காரன் டோனலைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள்.

"கட்டிக்கப் போறேன்னு சொல்லுதியா, கட்டிக்கட்டுமான்னு கேக்கியா?" என்றாள் கிளாடிஸ்.

"ரெண்டுந்தான் மம்மி. நீங்க வேண்டாம்னு சொன்னா வேண்டாம்." அப்புறம் அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

கிளாடிஸுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தால் நாலு மாசம் திட்டிவிட்டு, ஐந்தாம் மாசம் பலகாரம் சுட்டு அனுப்பியிருக்கலாம். இவளோ முடிவைத் தூக்கித் தாய் தலையில் வைத்துவிட்டாள். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் இனி அது கிளாடிஸ் சொன்னதாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கடையில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நான் வந்து அந்த வீட்டப் பாக்கணும். அவன் அம்மைக்காரி எம் மூஞ்சியப் பாத்து, ஒம்பிள்ளைய எங்களுக்குக் குடுன்னு வாயத் தெறந்து கேக்கணும். கேக்காத வீட்டுல எம்பிள்ளைய விடமாட்டேன். அவ்வளவுதான்."

புருஷன் அற்புதமணி தோணியில் தண்டலாக, தோணியை நடத்துகிற தலைவராக, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போய்வந்து, வயசாகிக் கரையில் உட்கார்ந்தவர். எந்தக் காற்றுக்கும் பாயைத் திருப்பிக் கட்டுகிற சுபாவம். "போவோம்ளா, நமக்கும் ஒரு ஊரு பாத்த மாதிரி" என்று அன்றைக்கே பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

விமானத்தில் ஏறுவதற்கு முன்பே கிளாடிஸ் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மகள் வீட்டில் என்ன வேண்டுமானாலும் தின்னலாம். மாப்பிள்ளை வீட்டில் பேச்சு முடிகிற வரைக்கும் கை நனைக்கக் கூடாது. சோறு கிடையாது, காப்பி கிடையாது, பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

"அந்தச் சனத்துக்கு இதெல்லாம் தெரியுமாளா?"

"அவங்களுக்குத் தெரியாட்டா நமக்கும் தெரியாமப் போயிருமா? வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க."

ஊர் என்னவோ அழகாகத்தான் இருந்தது. அதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு சதுக்கம், சுற்றிலும் கலர் கலராகக் கதவு வைத்த கடைகள், கீழே கல்பாலம், பாலத்துக்கு அடியில் கறுத்த தேநீர் நிறத்தில் ஓடுகிற ஆறு. வெள்ளிக்கிழமை சதுக்கத்தில் சந்தை கூடியது. உருளைக்கிழங்கு, பாற்கட்டி, முட்டை, பூச்செடி. ஒருத்தராவது சத்தம் போட்டுக் கூவ வேண்டுமே! ஒருத்தராவது விலையைக் குறைத்துக் கேட்க வேண்டுமே! போகிறவர் வருகிறவர் எல்லாம் தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

"என்னளா இது, சந்தையா, எழவு விழுந்த துட்டி வீடா?" என்று மகளைக் கேட்டாள் கிளாடிஸ்.

"மம்மி, மெதுவாப் பேசுங்க."

"நான் மெதுவாத்தான் பேசுதேன்."

சதுக்கத்தின் மூலையில் டோனலின் தாயார் நோராவின் கடை. புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு அவளே நடத்துகிறாள். தூண்டில் கம்பும் நரம்பும் ரப்பர் பூட்ஸும் விற்கிற கடை. கிளாடிஸுக்கு உள்ளே நுழைந்ததுமே கை பரபரத்தது. கண்ணாடிப் பெட்டியில் நூற்றுக்கணக்கில் தூண்டில் முள்கள். ஒவ்வொன்றிலும் கோழி இறகும் ஜரிகையும் வைத்துக் கட்டியிருந்தது. இந்த ஆற்றில் ஏறிவருகிற சால்மன் மீனுக்கு இதுதான் இரை என்று டோனல் சொன்னான். புழு இல்லை, சாளை மீன் துண்டு இல்லை, இறகு. அதைக் கடிக்கிற மீனும் ஒரு மீனா என்று கிளாடிஸுக்குத் தோன்றியது. ஆனால் கட்டு நல்ல கட்டு. விரலால் இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

நோரா ஒல்லியாக, உயரமாக, நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினாள். நேற்றுப் பெய்த மழை, இன்றைக்குப் பெய்யப் போகிற மழை, போன வருஷம் பெய்யாத மழை. டயானா ஒன்றுவிடாமல் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளாடிஸ் காத்துக்கொண்டே இருந்தாள். மழை ஓய்ந்தால் பிள்ளையைப் பற்றி வரும் என்று பார்த்தால், மழை முடிந்து தேநீர் வந்தது. கேக்கும் வந்தது.

கிளாடிஸ் நெஞ்சில் கை வைத்து, "நோ நோ, தேங்க்யூ" என்றாள். நோரா மறுபடியும் நீட்டினாள். கிளாடிஸ் மறுபடியும் தேங்க்யூ சொன்னாள். மூன்றாம் தடவை நோரா வற்புறுத்தியபோது அற்புதமணியின் கை மேசைப் பக்கம் நகர்ந்தது. கிளாடிஸ் செருமினாள். கை திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. நோராவின் முகம் சற்றே வாடியதைக் கிளாடிஸ் பார்க்கத்தான் செய்தாள். வாடட்டும் என்று விட்டுவிட்டாள். கேட்க வேண்டியதைக் கேட்டால் பானையோடு குடித்துவிட்டுப் போகிறோம், யார் வேண்டாம் என்றது?

மறுநாள் டோனல் மாமனாரை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிளாடிஸும் கரையில் போய் நின்றாள். டோனல் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, நரம்பை வீசி வீசிப் பார்த்ததில், கடைசியில் ஒரு மீன் மாட்டியது. நல்ல மீன், நம்ம ஊர்ச் சீலா அளவுக்கு வெள்ளி மாதிரி. அற்புதமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பனிக்கட்டித் தண்ணீரில் இறங்கி வலைக்கூடையைப் பிடித்தார். டோனல் முள்ளைக் கழற்றினான். மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் விட்டுவிட்டான்.

"ஏ மாதாவே!" என்று கத்திவிட்டாள் கிளாடிஸ். "ஏலே, என்னலே செய்யுத? விட்டுட்டானே! பாத்துட்டே நிக்கீங்களே, ஒங்களுக்கு என்ன வந்துச்சி?"

அற்புதமணி பல் கிட்டித்துப்போய்க் கரையேறினார். இந்த ஆற்றில் ஆளுக்கு இவ்வளவு மீன்தான் எடுக்கலாம் என்று சட்டமாம். விருந்தாளிகளுக்கு என்று டோனல் ஏற்கெனவே ஒன்றை எடுத்து வைத்துவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் அதுதான் சமையலாம். "நல்ல பையம்ளா. மீனப் புடிக்கிற கையில ஒரு மரியாத இருக்கு" என்றார்.

"புடிச்ச மீன விடுதவன், நாளைக்கு எம்பிள்ளைய விடமாட்டான்னு என்ன நிச்சயம்?"

"ஒன்கிட்ட பேசி செயிக்க முடியாது. எனக்குக் குளிருது" என்று அவர் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

கிளாடிஸ் இப்படி விறைப்பாக நிற்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் பிறந்தது பெரியதாழையில். இருபது வயசில் அவளைப் பெண் பார்க்க வேறொரு கடற்கரை ஊரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. வந்தவர்கள் முதலில் சாப்பிட்டார்கள். சீலாக் குழம்பு, சீலா வறுவல், எல்லாம் அவள் கையால் வைத்தது. ருசியாக இருக்கிறது என்று மறுசோறு வாங்கினார்கள். ஏப்பம் விட்டார்கள். கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். ஒரு வார்த்தை வரவில்லை. கோயிலுக்குப் போனாலும் கடற்கரைக்குப் போனாலும், "தின்னுட்டுப் போயிட்டாங்களாமே" என்று பெண்டுகள் அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். மறுத்ததுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தின்றுவிட்டு மறுத்தார்களே, அதுதான் ஆறவே இல்லை.

அதற்கப்புறம் தூத்துக்குடியிலிருந்து அற்புதமணியின் தாயார் வந்தாள். சித்திரை வெயில். உதடு காய்ந்து போயிருந்தது. தண்ணீர்ச் செம்பை நீட்டியபோது, "இரு, மொதல்ல பேச்சு" என்று தள்ளி வைத்துவிட்டு, கிளாடிஸின் தகப்பனாரைப் பார்த்து, "ஒங்க மகள எங்களுக்குத் தாங்க" என்று கேட்டாள். சரி என்ற பிறகுதான் செம்பை வாங்கினாள். அந்த ஒரு காரணத்துக்காகவே கிளாடிஸ் அந்த மாமியாரின் அத்தனை வாயையும் பொறுத்துக்கொண்டாள்.

ஆகவே நோராவின் கடையில் கை நனைக்காமல் இருந்தது வீம்பு இல்லை. ஒருவேளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக நேர்ந்தால், அந்தப் பொம்பளையின் சோற்றைத் தின்றுவிட்டுச் சொல்லக் கூடாது என்பதுதான். இதை யாருக்கு எடுத்துச் சொல்வது? மகளுக்குச் சொன்னால், "இங்க அதெல்லாம் கெடையாது மம்மி" என்கிறாள். அந்தத் தேசத்தில் எதுதான் உண்டு என்று கிளாடிஸுக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை. அதே மாதா, அதே சுரூபம், அதே நற்கருணை. ஆனால் ஒரு பாட்டு உண்டா? கிடையாது. உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் முடிந்துவிட்டது. "பாட்டில்லாத பூசைய இன்னைக்கித்தான் பாக்கேன்" என்று அவள் முணுமுணுக்க, டயானா கையைப் பிடித்துக் கிள்ளினாள். கோயில் வாசலில் நோரா சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தாள். மறுபடியும் மழையைப் பற்றிச் சொன்னாள். அன்றைக்கு வெயில் அடித்தது. அதைப் பற்றியும் சொன்னாள்.

கடைக்கு மேலே வீடு. மேசையில் வெள்ளை விரிப்பு, பீங்கான் தட்டுகள், நடுவில் நீளத் தட்டில் அந்தச் சால்மன். தலையோடு, தோலோடு, எலுமிச்சைத் துண்டும் பச்சை இலையும் தூவி, இளஞ்சிவப்பாகக் கிடந்தது. கிளாடிஸ் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்திருந்த முந்திரி மக்ரூனும் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தது. ஆகாயத்தில் வந்ததில் பாதி பொடிந்துபோயிருந்தாலும், நோரா அதைப் பக்குவமாகத்தான் எடுத்து வைத்திருந்தாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். டோனல் செபம் சொன்னான். நோரா கிளாடிஸின் தட்டில் மீனின் நடுத்துண்டை வைத்தாள். அற்புதமணிக்கும் வைத்தாள். அப்புறம் கையைக் கோத்துக்கொண்டு, சாப்பிடுங்கள் என்பது போலப் பார்த்தாள்.

கிளாடிஸும் அவளைப் பார்த்தாள். பேசு என்பது போல.

நோரா மழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. கிளாடிஸின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கிலிருந்து ஆவி அடங்கியது. அற்புதமணி ஒரு பெருமூச்சு விட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு கிழங்கின் மேல் விரலை வைத்தார். கிளாடிஸ் மேசைக்கு அடியில் ஓர் உதை விட்டாள். அது டோனல் காலில் விழுந்தது. அவன் முகம் சுளித்தான், ஒன்றும் சொல்லவில்லை. அதுகூடச் சொல்லமாட்டார்கள் இந்த ஜனங்கள்!

நோரா மெல்ல எழுந்து, எதையோ எடுக்கப் போவதுபோல் அடுக்களைக்குள் போய்விட்டாள். போனவள் வரவில்லை.

டயானா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "போதுமா மம்மி? அவங்க உள்ள போய் அழுதுக்கிட்டு இருக்காங்க. அவன் இந்த வருசம் புடிச்சதுல இந்த ஒரு மீனத்தான் வச்சிருந்தான், ஒங்களுக்காக. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க. இப்பிடித் தட்டு முன்னால குந்திக்கிட்டு அவங்கள அசிங்கப்படுத்தாதீங்க."

"யாருளா அசிங்கப்படுத்துனா?" என்று கிளாடிஸும் எழுந்தாள். "அசிங்கப்படுத்தக் கூடாதுன்னுதாம்ளா பட்டினி கெடக்கேன்! அவ வாயத் தெறந்து கேட்டாளா? வந்ததுலேருந்து கேட்டாளா ஒரு வார்த்த? வா, நானே கேக்கேன்."

அடுக்களையில் நோரா குழாயடியில் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். கிளாடிஸ் அவள் தோளைத் தொட்டுத் திருப்பினாள். கண் சிவந்து கிடந்தது. கிளாடிஸுக்குத் திக்கென்றது, ஆனாலும் வந்த வேகத்தில் கொட்டிவிட்டாள். பெரியதாழையில் தின்றுவிட்டுப் போனவர்களையும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்ற மாமியாரையும் சொன்னாள். "எங்க ஊருல பேசி முடிக்காம கை நனைக்க மாட்டோம்னு சொல்லுளா. ஒன் சோறு புடிக்கலன்னு இல்ல. தின்னுட்டு ஒன்னய ஏமாத்தக் கூடாதுன்னு. சொல்லு." டயானா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

நோரா கேட்கக் கேட்க, துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு அவளும் பேசினாள், வேகமாக, மூச்சுவிடாமல். முதல் தடவையாக அந்த ஊரில் ஒருத்தி மூச்சுவிடாமல் பேசியதைக் கிளாடிஸ் பார்த்தாள்.

"மம்மி, அவங்க வீட்டுல, விருந்தாளி சாப்பிட்டு முடிக்காம காரியம் பேசக் கூடாதாம். அவங்க அம்மா சொல்லிக் கொடுத்ததாம். பசியில இருக்கறவங்ககிட்ட பெரிய விசயம் கேக்கறது மரியாத இல்லியாம். நீங்க சாப்பிடணும்னு அவங்க காத்துக்கிட்டே இருந்தாங்களாம்."

"அட பாவி மட்ட!" என்றாள் கிளாடிஸ் தலையில் கை வைத்து. "நான் அவ வாயப் பாத்துக்கிட்டு இருக்கேன், அவ என் வாயப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா! சரி, இப்பக் கேக்கச் சொல்லு. என்ன கேக்கணுமோ அதக் கேக்கச் சொல்லு."

நோரா உடனே கேட்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே டோனல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் அற்புதமணி. நோரா தணிந்த குரலில் ஒன்று சொன்னாள். டயானா அதைக் கேட்டுவிட்டுச் சற்றுத் தயங்கினாள்.

"என்னளா?"

"கல்யாணம் முடிஞ்சதும் டோனல இந்தியாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவீங்களான்னு கேக்காங்க. அவன் ஒரே பிள்ளை, கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்பவே சொல்லிருங்கன்னு சொல்லுதாங்க. அதக் கேக்கப் பயந்துதான் மழையப் பத்திப் பேசுனாங்களாம்."

கிளாடிஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வழக்கம்போல் சுருக்கென்று ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் அது வெளியே வரவில்லை. அந்த ஒல்லிப் பொம்பளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து தன் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று இத்தனை நாள் கோபப்பட்டதெல்லாம் பொய். கேட்டுவிட்டால் கொடுக்க வேண்டுமே என்ற பயம்தான்.

"அவ கிட்டச் சொல்லு" என்றாள். "நான் எதையும் எடுத்துட்டுப் போக வரல. விட்டுட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

டயானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லேம்ளா."

டயானாவால் சொல்ல முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தாயையே பார்த்தாள். என்ன சொன்னார் என்று டோனல் கேட்டான். நோரா யாரையும் கேட்கவில்லை. கிளாடிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, டயானாவைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, ஏதோ கேட்டாள். பிள்ளையைத் தா என்பதற்குத் தமிழ் வேண்டியிருக்கவில்லை. கிளாடிஸ் தலையை ஆட்டினாள். அப்புறம் தன் கையை உருவிக்கொண்டு குழாயைத் திறந்து நன்றாகக் கழுவினாள்.

"இன்னும் என்ன நிக்கீங்க, வந்து உக்காருங்க" என்று புருஷனை அதட்டினாள். அவர் அதற்கு முன்பே உட்கார்ந்து, கிழங்கை வாயில் போட்டிருந்தார்.

மீன் ஆறிப்போயிருந்தது. கிளாடிஸ் முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கையால் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். நோரா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கிளாடிஸ் மென்றாள், விழுங்கினாள். கண்ணீர் ஒரு பக்கம் வழிந்தது; புறங்கையால் அதைத் துடைத்தாள்.

"உப்பு காணாதுன்னு சொல்லுளா" என்றாள் மகளிடம்.

"மம்மி!"

"சொல்லு. சம்பந்தக்காரிகிட்ட ஒளிச்சா பேச முடியும்?"

டயானா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே அதைச் சொன்னாள். நோரா எழுந்து ஓடிப்போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து, கிளாடிஸின் பக்கத்தில் வைத்தாள். கிளாடிஸ் உப்பைத் தூவி, துண்டு முழுவதையும் தோலோடு தின்று முடித்துவிட்டு, தட்டை நீட்டி இன்னொரு துண்டு கேட்டாள்.